கல்வி உளவியல் முடித்தபின்: பல்கலைக்கழகமா, மாவட்ட அலுவலகமா, சொந்த அறையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதியின் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் வகுப்பு முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து கைகொடுத்தாள். சின்ன வயதில் இதே மண்டபத்தில் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகியவள். இப்போது கல்வி உளவியலில் முதுகலை முடித்து, ஒரு வருடப் பயிற்சிக்காலத்தையும் கடந்து, உளவியலாளராகப் பதிவு பெறுவதற்கான தேர்விலும் தேறிவிட்டாள். "ஆன்ட்டி, மூணு வழி இருக்கு. எதுல போறதுன்னே தெரியல. நீங்க சொல்லுங்க" என்றாள்.

ஒன்று, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. மூன்று வருட ஒப்பந்தம். இரண்டு, மாகாணக் கல்வித் துறையின் மாவட்ட அலுவலகத்தில் உளவியலாளர் வேலை. அது நிரந்தரம். மூன்று, அவள் மாமா தன் வீட்டு முன்னறையை ஒழித்துத் தருகிறார், போர்டு மாட்டிச் சொந்தமாகத் தொடங்கலாம்.

நின்ற இடத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றிலும் நான் இருந்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்து 23 வருடம் ஆகிறது. இங்கே ஆறு வருடம் பள்ளி ஆசிரியை, பிறகு முதுகலை, மாவட்ட அலுவலகத்தில் நான்கு வருடம், இப்போது பல்கலைக்கழகத்தில் ஒன்பதாவது வருடம். நடுவில் இரண்டு வருடம் மாலை நேரத்தில் சொந்தமாகவும் பிள்ளைகளைப் பார்த்தேன். அவளைப் போல இன்னும் சிலரும் இதே கேள்வியோடு இருப்பார்கள் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கல்வி உளவியல் விரிவுரையாளர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பி.எட். மாணவர்களுக்கு, அதாவது நாளைய ஆசிரியர்களுக்கு, குழந்தை வளர்ச்சி, கற்றல், கற்றலில் வரும் தடைகள் ஆகியவற்றைச் சொல்லித்தருவது ஒன்று. இதற்கு உளவியலாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கல்வியியலில் ஆய்வு செய்தவர்கள் பலர் இதைச் சிறப்பாகச் செய்கிறார்கள். மற்றொன்று, உளவியலாளர்களையே உருவாக்கும் முதுகலைப் படிப்பு. அங்கே தேர்வுக் கருவிகளைக் கையாளவும், பெற்றோரிடம் பேசவும், அறிக்கை எழுதவும் பழக்க வேண்டும். அதற்கு, உளவியலாளர்களைப் பதிவு செய்யும் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் வேண்டும். பெரும்பாலான இடங்களில் இந்தப் படிப்புக்கு வருடத்துக்குப் பத்துப் பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். இந்தப் பெண்ணிடம் பதிவு இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் அவள் தகுதியானவள். ஆனால் புதிதாகச் சேர்பவரிடம் முதலில் வருவது பி.எட். வகுப்பு.

அந்த வகுப்பு எப்படி இருக்கும்? பைன்டவுனில் உள்ள எட்ஜ்வுட் வளாகம், குவாசுலு-நாட்டல் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளி, இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம். அங்கேயானாலும் வேறு எங்கேயானாலும் முதலாண்டு வகுப்பு என்றால் சில நூறு பேர். கையில் மைக் இல்லாமல் பேச முடியாது. குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன், பிரான்ஃபென்பிரன்னர் என்று வாரத்துக்கு ஒருவராகப் பாடத்தில் வருவார்கள். இதில் பிரான்ஃபென்பிரன்னர் இந்த நாட்டு மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுவார். குழந்தையைச் சுற்றிக் குடும்பம், பள்ளி, தெரு, அரசாங்கம் என்று வளையம் வளையமாக அவர் வரைந்த படத்தைப் பார்த்ததும், டர்பனை ஒட்டிய உம்லாசியிலிருந்து இரண்டு ஷேர் டாக்ஸி மாறி வரும் மாணவிக்கு அது தன் வீட்டுக் கதை என்று புரிந்துவிடும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது விரிவுரை அறை அல்ல. மாணவர்கள் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது, பின்னால் போய் உட்கார்ந்து பார்ப்பதுதான். மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒன்று கண் முன்னே நிற்கிறது. இரண்டாம் வகுப்பு. ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள், ஒரு பெஞ்சில் மூன்று பேர். கடைசி வரிசையில் ஒரு பையன் கன்னம் நோட்டில் படும் அளவுக்குக் குனிந்து, தலையை ஒருக்களித்து எழுதிக்கொண்டிருந்தான். எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறிப் போயின. வகுப்பாசிரியை அவனை மந்தமான பிள்ளை என்று எப்போதோ ஒதுக்கிவிட்டார். பயிற்சிக்கு வந்த என் மாணவி முதல் நாளே அவனை முன் பெஞ்சுக்கு மாற்றியிருந்தாள். மறுநாள் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, கறுப்பு மார்க்கரால் சொற்களைப் பெரிதாக எழுதி அவன் முன் வைத்தாள். அவன் படித்தான். கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியருக்கு அவளே கடிதமும் எழுதியிருந்தாள். "எதை வைத்து முடிவு செய்தாய்?" என்று கேட்டேன். "கற்கத் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன் கண்ணையும் காதையும் பார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்" என்றாள். எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. முந்நூறு பேர் இருந்த அறையில் எங்கோ சொன்ன ஒரு வரி, டர்பனுக்கு வடக்கே இனந்தா பக்கம் ஒரு பையனிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

விரிவுரையாளர் வேலைக்கு ஆதரவாக என்னிடம் இருக்கும் முழு வாதமும் இதுதான். உளவியலாளராக ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையை முழுமையாக மதிப்பிட முடியும், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆசிரியர் ஒருவருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தால், அவர் முப்பது வருடம் வகுப்பறையில் நிற்கப்போகிறார்.

ஆனால் இந்த வேலையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். முந்நூறு பேர் என்றால் முந்நூறு விடைத்தாள். அதற்குமேல் ஆய்வேட்டு மாணவர்கள். முதுகலை மாணவர் ஒருவர் பயிற்சிக்காலத்தை முடித்தாலும் ஆய்வேடு தேறாமல் பட்டம் கைக்கு வராது, பட்டம் வராமல் உளவியலாளராகப் பதிவும் இல்லை. அதனால் ஒரு அத்தியாயத்தைத் திருத்தித் தருவதில் நான் இரண்டு வாரம் தாமதித்தால் ஒருவருடைய சம்பளம் தள்ளிப்போகிறது. அந்த நினைப்பு ஞாயிற்றுக்கிழமை சமையலறையிலும் கூடவே நிற்கும். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கும்போது உதவித்தொகை வராத மாணவர்கள் தங்க இடமில்லாமல் நிற்பார்கள். கல்விக் கட்டணத்தை எதிர்த்து மாணவர் போராட்டம் நாடெங்கும் வெடித்த 2015க்குப் பிறகு, கல்வியாண்டு அட்டவணைப்படி ஓடும் என்று நம்பி நான் எதையும் திட்டமிடுவதில்லை.

அப்புறம் முனைவர் பட்டம். விரிவுரையாளர் என்ற படியில் முதுகலையோடு ஏறலாம், அடுத்த படிக்கு முனைவர் பட்டம் இல்லாமல் நகர முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களில் கட்டுரை வெளிவந்தால் அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. ஆகவே உன்னிடம் கட்டுரையைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் முனைவர் ஆய்வேட்டை எழுதியது இரவு ஒன்பதரைக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஐந்து வருடம் அப்படித்தான் போனது. 2015இல் உயர்கல்வித் துறை தொடங்கிய புதிய தலைமுறைக் கல்வியாளர் திட்டத்தில் இடம் கிடைத்தால் கதை வேறு. கற்பிக்கும் சுமையைக் குறைத்து, முனைவர் பட்டத்துக்கு நேரம் ஒதுக்கி, முடிவில் நிரந்தர இடமும் தரும் திட்டம் அது. இந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது அந்த வகை அல்ல. நான்கு பாடம், மூன்று வருடம், அதன்பின் என்ன என்று ஒரு வரியும் இல்லை.

இனி மாவட்ட அலுவலகம். இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. இந்த நாட்டில் உளவியலுக்குக் கறை படிந்த கடந்தகாலம் உண்டு. நிறவெறிச் சட்டங்களைக் கட்டி எழுப்பிய ஃபெர்வூர்ட் அரசியலுக்கு வருவதற்கு முன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் பேராசிரியர். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கல்வி போதும் என்று 1953இல் சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான். நம்மவர்களுக்கும் தனி வாசல்தான் கிடைத்தது. 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று கல்லூரி திறந்தார்கள், படகில் ஏறித்தான் வகுப்புக்குப் போகவேண்டும். இந்தப் பெண்ணின் தாத்தா அப்படிப் போய்ப் படித்து ஆசிரியரானவர். அந்தக் கல்லூரிதான் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 2004இல் நாட்டல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நாட்டல் பல்கலைக்கழகமானது. இணைப்புக்கு முன் அதன் கடைசித் துணைவேந்தராக இருந்த சாத்ஸ் கூப்பர், நிறவெறியை எதிர்த்ததற்காக ராபன் தீவுச் சிறையில் இருந்த உளவியலாளர். பின்னாளில் உலக உளவியல் ஒன்றியத்துக்கே தலைவரானார். இதையெல்லாம் என் மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவேன். பிள்ளைகளை வகை பிரித்து ஒதுக்க ஒருகாலத்தில் உதவிய படிப்பை, சேர்த்து அணைக்கும் படிப்பாக மாற்றும் பொறுப்பு நம் தலைமுறையிடம் வந்திருக்கிறது.

அந்த மாற்றத்துக்கான தாள், 2001இல் அரசு கொண்டுவந்த ஆறாம் கல்வி வெள்ளை அறிக்கை. குறைபாடு உள்ள பிள்ளையையும் முடிந்தவரை பக்கத்துப் பள்ளியிலேயே வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்றது. அதை நடைமுறைப்படுத்தும் கொள்கை 2014இல் வந்தது. அதன்படி ஆசிரியர் முதல் படிவத்தை நிரப்புவார், பள்ளியின் உதவிக் குழு இரண்டாவதை நிரப்பும், அதற்கும் சரிவரவில்லை என்றால் மூன்றாவது படிவம் மாவட்டத்துக்கு வரும். மாவட்ட உளவியலாளரின் மேசை இந்த மூன்றாவது படிவங்களால் ஆனது.

நான் அங்கே இருந்த நான்கு வருடமும் மேசை காலியானதில்லை. கார் ஓட்டுவதிலேயே பாதி நாள் போகும். போய்ச் சேர்ந்தால் தனி அறை இருக்காது. புத்தகக் கிடங்கு, சமையல் கூடம், ஒருமுறை தலைமையாசிரியரின் காரின் பின்சீட் என்று கிடைத்த இடத்தில் வேலை பார்த்தேன். ஆனாலும் நான் இன்றைக்குக் கற்பிப்பதில் பாதி அங்கே கற்றது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை மதிப்பிட உட்கார்ந்தேன். கட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினேன். அவள் கட்டையைப் பார்க்கவே இல்லை, என் கையில் இருந்த நேரக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது: "ங்கியேசபா." அது இசிசுலு, இங்குள்ள சுலு மக்களின் மொழி. அப்போது எனக்கு அது அரைகுறை. வாசலில் நின்ற சமையல்கார அம்மாதான் பொருள் சொன்னார், பயமாக இருக்கிறதாம். கடிகாரத்தை மடியில் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் சும்மா கட்டைகளை அடுக்கி விளையாடினோம். அதன்பிறகே அவள் கை வேலை செய்யத் தொடங்கியது.

அன்று வீட்டுக்கு வந்து நான் யோசித்தது மதிப்பெண்ணைப் பற்றி. நாம் வழக்கமாகக் கையில் எடுக்கும் தென்னாப்பிரிக்க நுண்ணறிவுத் தேர்வு 1990களின் தொடக்கத்தில் வெளியானது. ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் பேசும் பிள்ளைகளை வைத்து அதன் அளவுகோலை அமைத்தார்கள். இசிசுலு பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த எண் என்ன சொல்லும்? எதைச் சொல்லாது? இதைப் புத்தகத்தில் படித்தவர் ஒரு மாதிரி சொல்லிக்கொடுப்பார். அந்த மேசையில் உட்கார்ந்தவர் வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பார்.

மொழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஆஃப்ரிகான்ஸை இரண்டாம் மொழியாக எடுத்துத் தப்பித்து விடுகிறார்கள். குவாசுலு-நாட்டல் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு இசிசுலு பாடத்தை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மூன்று வேலையில் எதை எடுத்தாலும் இந்த மாகாணத்தில் இசிசுலு தெரியாமல் நல்ல உளவியலாளராக இருக்க முடியாது. தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து நீட்டும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. இசிசுலுவில் பெரும்பாலும் முன்னால் ஒட்டும், நமக்குப் பின்னால் ஒட்டும்.

சொந்த அறையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல தொழில், கைத்திறன் இருந்தால் சம்பாத்தியமும் நல்லது. ஆனால் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. ஜனவரியில் மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீட்டின், சேமிப்புக் கணக்கு நிறைந்திருக்கும், பெற்றோர் வருவார்கள். ஆகஸ்ட் வாக்கில் அந்தக் கணக்கு தீர்ந்ததும் தொலைபேசி ஓய்ந்துவிடும். பள்ளி இறுதியான மெட்ரிக் தேர்வில் கூடுதல் நேரம், வினாவை வாசித்துக் காட்டுபவர், விடையை எழுதித் தருபவர் போன்ற சலுகைகளுக்கான அறிக்கை வேலை நிறைய வரும். அது தேவையான வேலைதான். ஆனால் அறிக்கைக்குப் பணம் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது கிடைக்கிறது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்தில் விட்டேன். இன்னொன்று: புதிதாகப் பதிவு பெற்றவர் தனி அறையில் உட்கார்ந்தால், தவறு செய்யும்போது பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. கவுன்சில் கேட்கும் தொடர்கல்விப் புள்ளிகள் வருடத்துக்கு 30, அதில் 5 நெறிமுறை சார்ந்தவை. அவற்றைப் பயிலரங்குகளில் சேர்த்துவிடலாம். பக்கத்து மேசையில் மூத்தவர் ஒருவர் இருப்பதற்கு அது ஈடாகாது.

பணத்தைப் பேசாமல் முடிவு எடுக்க முடியாது. மாவட்ட வேலையில் அரசு ஓய்வூதியம், மருத்துவத் திட்டம், வீட்டுப்படி, பிறந்தநாள் மாதத்தில் ஒரு மாதச் சம்பளம் கூடுதல் என்று கால் ஊன்ற இடம் இருக்கிறது. அவள் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, தம்பி இன்னும் படிக்கிறான், வீட்டில் நிலையான வருமானம் அவளுடையதுதான். பல்கலைக்கழகத்தில் நிரந்தரமானால் அங்கேயும் இதற்கு நிகரான வசதிகள் உண்டு. பணியாளரின் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு, என் மகள் படித்தது அப்படித்தான். ஆனால் ஒப்பந்த ஊழியருக்கு இதில் எவ்வளவு வரும் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் வரிவரியாகப் படிக்கவேண்டும்.

சரி, என் முடிவு. விரிவுரையாளர் வேலையை இவ்வளவு நேசிக்கும் நான், அவளை இப்போது அங்கே போகச் சொல்லமாட்டேன். முதலில் ஒரு நான்கு வருடம் மாவட்ட அலுவலகத்துக்குப் போகச் சொல்வேன். அவள் இதுவரை வகுப்பறையில் ஆசிரியையாக நின்றதில்லை. பயிற்சிக்காலத்தில் பார்த்தது எல்லாம் வசதியான பள்ளிகள். இந்த நிலையில் முந்நூறு வருங்கால ஆசிரியர்களின் முன் போய் நின்றால், அவளிடம் கொடுக்கப் புத்தகம் மட்டும்தான் இருக்கும். முன் பெஞ்சில் இருக்கும் நாற்பது வயது மாணவி, பதினைந்து வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்துவிட்டுப் பட்டத்துக்கு வந்தவள், ஒரே கேள்வியில் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவர்கள் என் வகுப்பில் வருடா வருடம் இருக்கிறார்கள்.

வேறு ஒருத்தி கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். பத்து வருடம் பள்ளியில் இருந்துவிட்டு உளவியலுக்கு வந்தவள் என்றால், ஒப்பந்தம் ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு ஓடு என்பேன். ஆய்வில் ஏற்கெனவே மனம் ஊன்றி, முனைவர் பட்டப் பதிவும் செய்துவிட்டவள் என்றாலும் அப்படித்தான்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவள் கேட்டது நியாயமான கேள்வி. "நாலு வருஷம் கழிச்சு யூனிவர்சிட்டில இடம் இருக்குமா ஆன்ட்டி? இப்ப விட்டா போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க." இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பதிவும் கள அனுபவமும் சேர்ந்த ஆட்கள் பல்கலைக்கழகத்துக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை. நாங்கள் தேர்வுக்குழுவில் உட்காரும்போது முதலில் தேடுவதே அதைத்தான். மாவட்டத்தில் இருக்கும்போதே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம். அந்த மூன்றாவது படிவங்கள் ஏன் இவ்வளவு குவிகின்றன, முதல் படிவத்திலேயே ஆசிரியர் எங்கே திணறுகிறார் என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. துறையின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்கவேண்டும், அதற்குச் சில மாதம் ஆகும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு மாலை பகுதிநேரமாகப் பாடம் எடுக்கத் துறையில் எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம், கிடைத்தால் பல்கலைக்கழகத்தோடு தொடர்பும் அறாது.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் விரிவுரையாளர் வேலையைத்தான் எடுப்பேன் என்றால் தடுக்கமாட்டேன். நேர்முகத்தில் அவள் கேட்கவேண்டியவை சில: ஒரு அரையாண்டில் எத்தனை பாடம், ஒவ்வொன்றிலும் எத்தனை மாணவர், திருத்த உதவியாளர் உண்டா, முதல் வருடத்திலேயே எத்தனை ஆய்வேட்டு மாணவரை ஒப்படைப்பார்கள், முனைவர் படிப்புக்கு நேரமும் கட்டணமும் தருவார்களா, மூன்று வருடம் கழித்து அந்த இடத்தை நிரந்தரமாக விளம்பரம் செய்யும் எண்ணம் இருக்கிறதா. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளட்டும். கூடவே, வியாழக்கிழமை மதியம் எந்த வகுப்பும் வைக்கவேண்டாம் என்று முதலிலேயே கேட்டுவிடட்டும். என் வியாழக்கிழமை மதியங்கள் டர்பனின் மெர்பேங்கில் ஒரு பள்ளிக்குப் போகின்றன, ஒன்பது வருடமாக. அங்கே இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது.